நிற்காமல் ஒரு பாட்டு

1

திண்டுக்கல்லில் இருக்கும் என் தம்பி அருளுக்கு ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் என்னைப் போனில் கூப்பிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்காவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. "என்னக்கா, எப்பக் கெளம்புறீங்க?" போன வாரமும் கேட்டான். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. விஷயம் போனில் சொல்லி முடிகிற மாதிரி இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவனோடு சேர்த்து நீங்களும் படித்துவிடுங்கள். கல்யாணமாகிப் பினாங்குக்குப் போன ஸ்டெல்லா அங்கே என்னதான் செய்கிறாள் என்று விசாரிக்கிறவர்கள் நம் தெருவில் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் பெயர் சேவியர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், நிபோங் திபால்காரர். பகலில் பாலம் தாண்டிப் போய்ப் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறார். ஆனால் ஜார்ஜ்டவுன் சந்துகளில் அவருக்குக் கை காட்டுகிறவர்கள் யாரும் அந்த வேலைக்காகக் கை காட்டவில்லை. அவர் ஹொக்கியன் பாட்டுக்காரர்; ஹொக்கியன் இங்கத்துச் சீனர்கள் பேசுகிற மொழி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களின் ஆவிகள் ஊருக்குள் வந்து போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வருகிறவர்கள் வயிறு நிறையப் படையல், மனம் நிறையப் பாட்டு. தெருவுக்குத் தெரு மேடை போட்டு, விளக்கு கட்டி, கீபோர்டு வைத்துக் கச்சேரி நடத்துவார்கள். அதில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கர் ஏறி நின்று அவர்கள் மொழியில் பழைய சோகப் பாட்டுகளைப் பாடுவார், சீனக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பெண் பார்க்க வந்தபோது "மாப்பிள்ளை நல்லாப் பாடுவார்" என்றுதான் சொன்னார்கள். கோயில் பாடகர் குழு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

2

வந்த முதல் வருடம் நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன்.

நம் மாதா கோயில் திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி வைப்பார்களே, நினைவிருக்கும். முன்வரிசையில் பங்குப் பேரவைக்காரர்கள், நன்கொடை கொடுத்தவர்கள், அவர்களுடைய மச்சான்மார்கள். பெண்களுக்குப் பின்னால் ஓரமாக ஓர் இடம், இல்லையென்றால் யார் வீட்டு மொட்டைமாடியாவது. பாடுகிறவரின் வாய் எப்படி அசைகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு கச்சேரியையாவது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது எனக்குப் பாவாடை கட்டிய நாளிலிருந்து ஆசை.

இங்கே முதல் முறை அவர் என்னை மேடைக்குக் கூட்டிப்போனார். பின்னால் கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக, ஒரு ஆள்கூட இல்லாமல். பாட்டுக்காரர் பெண்டாட்டிக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று நினைத்தேன். புதுப் பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு நட்டநடுவில் போய் உட்கார்ந்தேன். கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

பின்னால் இருந்த அத்தனை பேச்சும் அடங்கிவிட்டது. மேடையில் அதற்குள் பாடத் தொடங்கியிருந்த என் வீட்டுக்காரர் பாட்டை விடவில்லை, ஆனால் முகம் மட்டும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைப் பனியன் போட்ட ஒரு சீனர் மெதுவாக வந்து என் எதிரில் குனிந்தார். அவர்தான் ஆ ஹொக் அங்கிள், மேடைக் கமிட்டியின் தலைவர். அவருடைய அப்பா தமிழர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்ததால் தமிழ் பேசுவார். கடையில் கற்ற தமிழ் என்பதால் கவர்னரே வந்தாலும் நீ, வா, போதான்.

"அம்மா, நீ இங்க உக்காராத. இது செத்த ஆளு சீட்டு."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவர் அதை நிமிர்த்திவைத்து, ஊதுவத்தி ஏற்றி, அந்த வெறும் நாற்காலியைப் பார்த்து எனக்காக ஏதோ சமாதானம் சொன்னார். அதோடு விடவில்லை. கைப்பை இருந்த நாற்காலிக்கும் தனியாக ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் எனக்கு மேடை ஓரத்தில் வேறு நாற்காலி போட்டு, ஒரு கமலாப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சிலுவை போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கேட்டேன், இதெல்லாம் நமக்கு அடுக்குமா என்று.

"நவம்பர்ல நாம கல்லறைக்குப் போயி மெழுகுவத்தி வைக்கிறோம்ல, அவங்க நாற்காலி வைக்கிறாங்க. நான் பாட்டு மட்டுந்தான் பாடுறேன் லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் வாலையும் சேர்த்து.

"பாதருக்குத் தெரிஞ்சா?"

"பாதர் போன வருசம் பின்னால ஒக்காந்து கச்சான் கடல தின்னுக்கிட்டு இருந்தாரு."

3

இத்தனை வருடத்தில் நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேனா என்றால் அதைக் குடிநுழைவு அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். மனைவி என்ற முறையில் தங்குவதற்கு ஓர் அனுமதி உண்டு. அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் புருஷனும் கூட வர வேண்டும். இரண்டு பேரும் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி கவுண்ட்டர் முன்னால் உட்கார வேண்டும். "இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறீர்களா?" என்று அந்த மலாய்க்காரப் பெண் என்னைப் பார்த்துக் கேட்பாள். நான் அவரைப் பார்ப்பேன். அவர் பதில் சொல்வதற்குள் ஒரு நொடி யோசிப்பார், வேண்டுமென்றே. வெளியே வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

பேச்சிலும் இப்படித்தான், இரண்டுங்கெட்டான். வந்த புதிதில் அவர் "பாசார்ல இருவது வெள்ளி ஆயிருச்சு" என்றால், சந்தையில் இருபது வெள்ளிக்கிழமையாகவா நின்றார் என்று முழிப்பேன். ரிங்கிட்டுக்கு இங்கே வெள்ளி என்றுதான் பெயர். கடைசியாகத் திண்டுக்கல் வந்தபோது ஆட்டோக்காரரிடம் "எத்தன வெள்ளிண்ணே" என்று கேட்டுத் தொலைத்தேன். அருளின் பெண்டாட்டி சிரித்த சிரிப்பு பேருந்து நிலையம் வரை கேட்டது. அதிலிருந்து எனக்கு 'மலேசியாக்காரி' என்று பெயர். இங்கே நான் 'இந்தியாக்காரி'.

மகள் ஷீலாவைச் சீனப் பள்ளியில் சேர்த்தது அவர். நாங்கள் போட்ட சண்டையில் அது பெரிய சண்டை. தமிழ்ப் பள்ளி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது என் பிள்ளை ஏன் சீனம் படிக்க வேண்டும் என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மாண்டரின் படித்தாள், கூடப் படித்தவர்களிடம் ஹொக்கியனும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் கோலாலம்பூரில் கணக்காளர். தமிழ் பேசுவாள், எழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி. எனக்கு உறுத்துவது அதுகூட இல்லை. திண்டுக்கல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் "உங்க ஊர்" என்பாள். "நம்ம ஊர்னு சொல்லுடி" என்றால், "ம்மா, ஏன் இவ்ளோ டிராமா" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

4

நோய்க்காலம் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு என்று ஊரையே பூட்டிப் போட்டார்கள். ஏழாம் மாதம் வந்தது, மேடை இல்லை. சீனக் கோயில் வாசலில் இரண்டு பேர் முகக்கவசத்தோடு ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடமும் அப்படியே. பாட்டு இல்லாமல் ஆவிகள் என்ன செய்திருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரர் செத்தவர் மாதிரி ஆகிவிட்டார். சமையலறை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அவற்றின் முன்னால் நின்று பாடுவார். வெறும் நாற்காலிக்குப் பாடிப் பழகியவர்தானே என்று கிண்டல் செய்வேன்.

அப்புறம் நோய் அவரையே பிடித்தது. ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். யாரும் பார்க்கப் போகக்கூடாது. ஷீலா கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டாள். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் நான் தனியாக. மருத்துவமனையிலிருந்து போன் வரும், மலாயும் ஆங்கிலமும் கலந்து கடகடவென்று சொல்வார்கள். பாதி புரியும், பயத்தில் அந்தப் பாதியும் மறந்துபோகும். காலையில் கதவைத் திறந்தால் இரும்புக் கம்பியில் கஞ்சிப் பை தொங்கும். ஆ ஹொக் அங்கிளின் மனைவி வைத்துவிட்டுப் போவது. ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. தின்றுகொண்டே அழுவேன். எனக்கு யாரும் இல்லாத ஊரில் இப்படி வந்து கிடக்கிறேனே என்று அழுவேன்.

அவர் பிழைத்து வந்தார். நான் கும்பிட்ட மாதாவுக்கு நன்றி. ஆனால் மூச்சு முழுதாக வரவில்லை. மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று பந்து இருக்கும், குழாயில் உறிஞ்சினால் மூன்றும் மேலே போக வேண்டும். அவருக்கு இரண்டு போகும், மூன்றாவது அசைந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். லிப்ட் கெட்டுப்போன நாளில் படிக்குப் படி நின்று ஏறுவார். பாட்டில் ஒரு அடி முடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கஞ்சி வைத்த அந்த அம்மாவுக்கும் பின்னால் நோய் வந்தது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் நான் உறுதியாகச் சொன்னேன். போதும், ஊருக்குப் போய்விடுவோம். அருள் மாடி எடுத்துக் கட்டியிருக்கிறான், நமக்கு என்றுதான் கட்டியிருக்கிறான். உடம்புக்கு ஒன்று என்றால் ஓடி வர நாலு பேர் வேண்டும். இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் பந்துப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "மேடை ஒரு தடவ திரும்பி வரட்டும் ஸ்டெல்லா. ஒரு பாட்டு. நிக்காமப் பாடி முடிச்சிட்டேன்னா இங்கயே இருப்போம். நடுவுல நின்னுட்டேன்னா டிக்கெட் போடு, நீ சொல்ற எடத்துக்கு வர்றேன். அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

சரி என்றேன். அவரால் முடியாது என்று தெரிந்தேதான் சரி என்றேன்.

5

இந்த வருடம் மேடைக்கு அனுமதி கிடைத்தது. அங்கிளின் போன் வந்தது. "சேவியர், நீ வா. மேடை வந்துருச்சு." உன்னால் முடியுமா, உடம்பு எப்படி இருக்கிறது என்ற பேச்சே இல்லை. அவரும் தன் மூச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் நல்ல மழை, பிறகு விட்டது. தெருவை மறித்து மேடை போட்டிருந்தார்கள். ஊரே அங்கேதான். இரண்டு வருடமாக முகம் பார்க்காதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு பேசுகிறார்கள். கச்சான் விற்கிறார்கள், ஐஸ் விற்கிறார்கள், ஒலிபெருக்கியைச் சோதிக்கிற கீச்சுச் சத்தத்துக்கே கைதட்டுகிறார்கள். சத்தம் கேட்டால் எனக்குத் தலைவலி வரும், அன்றைக்கு அந்தச் சத்தம் இனித்தது. ஷீலா கோலாலம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றவளுக்கு, இதற்குக் கிடைத்துவிட்டது.

உட்காரப் போனபோதுதான் கவனித்தேன். முன்னால் இரண்டு வரிசை காலியாக விட்டிருந்தார்கள். எப்போதும் ஒன்றுதான். அங்கிளிடம் கேட்டேன்.

"இந்த வருசம் ஆளு நெறைய," என்றார். "ஒரு வரிச பத்தாது." சொல்லிவிட்டு இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலியைத் துணியால் துடைத்து, அதில் ஒரு பனை விசிறியை வைத்துவிட்டுப் போனார். அவர் மனைவி எப்போதும் கையில் வைத்திருந்த மாதிரி விசிறி.

என் வீட்டுக்காரர் மேடை ஏறினார். நீலச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. கீபோர்டு வாசிக்கிற ஆ லெங் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு தொடங்கியது. அந்தப் பாட்டை நான் சமையலறையில் எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறேன், அர்த்தம் கேட்டால் "சோகப் பாட்டு லா" என்பதோடு முடித்துக்கொள்வார். மூன்று சரணம். முதல் சரணம் நன்றாகவே போனது. குரல் பழைய குரல்தான், கொஞ்சம் மெலிந்திருந்தது. எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன்: பாடிவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் நின்றுவிட்டது.

வாய் திறந்திருக்கிறது, குரல் இல்லை. ஒரு கையால் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தோள் ஏறி ஏறி இறங்குகிறது. நான் கைப்பையில் மூச்சு மருந்தைத் தேடிக்கொண்டே எழுந்துவிட்டேன். ஷீலா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ம்மா, போகாதீங்க. அப்பா இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருக்காரு."

"எங்கடி பாடுறாரு? விடு என்னைய."

"கேளுங்க."

கேட்டேன். ஆ லெங் நிறுத்தவில்லை. இடையிசைத் துண்டு ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார், மெதுவாக, எங்கேயும் போக அவசரம் இல்லாதவர் மாதிரி. முடிந்ததும் மறுபடி அதே துண்டு. நம் ஊராக இருந்தால் இந்நேரம் விசில் பறந்திருக்கும், நாலு பேர் மேடையேறிச் சோடா உடைத்திருப்பார்கள், 'பாவம்' என்று ஆயிரம் வாய் சொல்லியிருக்கும். இங்கே ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. கைதட்டி உற்சாகப்படுத்தவில்லை. போனைத் தூக்கிப் படம் எடுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த கிழவி முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சந்து முனையில் மோட்டார் சைக்கிளில் வந்தவன் இஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே காலூன்றி நின்றான். கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள்.

"என்னடி சொல்றாங்க?"

"மழை விட்டுருச்சு, அவசரம் இல்ல, மெதுவாப் பாடட்டும்னு சொல்றாங்க" என்றாள் ஷீலா. அவள் கண்ணில் தண்ணீர். எந்தப் பள்ளிக்கூடத்துக்காக நான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேனோ, அந்தப் பள்ளிக்கூடம்தான் அந்த வார்த்தையை என் காதுக்குக் கொண்டுவந்தது.

மேடையில் அவர் தலையசைத்தார். ஆ லெங், பாட்டு விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் சரணம் முடிந்தது. மூன்றாவதில் மறுபடியும் நின்றது. மறுபடியும் அந்தத் துண்டு சுற்றியது, மறுபடியும் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசி அடியை உச்சத்தில் பாட வேண்டும். அவர் அதைக் கீழே இறக்கி, பேசுகிற மாதிரி பாடி முடித்தார். அதற்கப்புறம் வந்த கைதட்டலை நான் எப்படி எழுத? இத்தனை நாகரிகமான ஜனங்களை நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

மேடை ஓரத்தில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் அங்கிள் வந்தார். "மத்த ஆளு பாட்டு சீக்கிரம் முடிஞ்சிருச்சு. உன் பாட்டு நெறைய நேரம். வந்தவங்களுக்கு சந்தோசம்." வந்தவர்கள் என்று அவர் எந்த வரிசையைச் சொன்னார் என்று கேட்கத் தேவையில்லை.

6

காரில் ஷீலா பின்னால் தூங்கிவிட்டாள். அவர் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன். ஜெலுத்தோங் திருப்பம் வந்தது.

"தோத்துட்டேன் ஸ்டெல்லா" என்றார். "ரெண்டு எடத்துல நின்னுட்டேன். சொன்னா சொன்னதுதான். தம்பிகிட்டச் சொல்லிரு. டிசம்பர்ல போலாம்."

குரலில் கோபம் இல்லை, வருத்தத்தைக்கூட மறைத்துக்கொண்டார். அதுதான் என்னை அறுத்தது. ஒரு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. வந்துவிட்டது, கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன்.

"நின்னது நீங்க," என்றேன். "பாட்டு நிக்கலையே."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏய், இது அழுகுணி ஆட்டம்."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

அவர் சிரிக்கப் பார்த்தார், அதற்கும் மூச்சு பத்தவில்லை. விளக்கு பச்சையாகிவிட்டது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், எனக்குக் கண்ணைத் தண்ணீர் மறைத்ததால் உடனே எடுக்க முடியவில்லை. அருளு, கோவிச்சுக்காதே. இங்கே எனக்கு யாரும் இல்லை என்று சொல்லித்தானே ஊருக்குப் போகலாம் என்றேன். அந்தத் துண்டு இசை சுற்றிச் சுற்றி வந்த நேரம் முழுவதும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இனி அந்தப் பேச்சை எந்த முகத்தோடு எடுப்பேன்?